குதிரப்பனுக்குக் குளிரவில்லை

ஒரு காட்டில், மேகம் இறங்கி வந்து மரக்கிளைகளில் உட்கார்ந்துவிட்டுப் போகும் உயரத்தில், ஒரு சோலை இருந்தது. அங்கே பெரிய விலங்குகள் அதிகம் இல்லை. சில முயல்கள், இரண்டு சருகுமான்கள், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம், ஒரு மலையணில், ஒரு தேவாங்கு. இவற்றோடு ஒரே ஒரு காட்டுப்பன்றி.

தேவாங்கின் பெயர் ஈர்க்கி. ஓர் ஈர்க்குச்சிக்குக் கையும் காலும் முளைத்து, இரண்டு பெரிய கண்களையும் வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அது இருக்கும். எவ்வளவு தின்றாலும் அதன் உடம்பில் ஒட்டாது. அந்த மழைக்காலத்தில் அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, தாய் போகும் இடமெல்லாம் போகும்.

பன்றியின் பெயர் குதிரப்பன். நெல் கொட்டி வைக்கும் குதிர் போன்ற வயிறு அதற்கு. நல்ல மனசுதான். ஆனால் தனக்குத் தெரிந்ததுதான் உலகம் என்று நினைக்கும். அந்த வருடம் கிழங்கும் காட்டு அத்தியும் ஏராளமாக விளைந்திருந்ததால் குதிரப்பன் தின்று தின்று இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அதன் தோலுக்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்குக் கொழுப்பு.

பனிக்காலம் வந்தால் அந்தச் சோலையில் சின்ன உயிர்களால் இருக்க முடியாது. எல்லாம் மலையடியில் உள்ள நாணல் பள்ளத்துக்கு இறங்கிவிடும். அங்கே காற்று அடிக்காது. ஆனால் நடுவில் ஒரு பெரிய புல்வெளியைத் தாண்ட வேண்டும். ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. செந்நாய்கள் சுற்றும் இடம் வேறு. அதனால் தனியாக யாரும் போகக் கூடாது, கொம்போ கோரைப்பல்லோ உள்ள ஒருவரை முன்னால் விட்டுக்கொண்டு எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

எந்த நாளில் போவது? அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. அதைக் 'குளிர் பார்ப்பது' என்பார்கள். சோலையிலேயே பெரியவர் யாரோ, அவர் விடிந்ததும் ஓடையில் இறங்கி வயிறு நனைய நிற்பார். மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரைப் பாறையில் வெயில் விழுவதற்குள் அவர் நடுங்கினால் குளிர்காலம் வந்துவிட்டது. மறுநாள் புறப்பட வேண்டியதுதான். நடுங்காவிட்டால் இன்னும் வரவில்லை; அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.

பல வருடங்களாக ஒரு கிழக் கடமான் குளிர் பார்த்து வந்தது. அது எலும்பும் தோலுமாக இருந்ததால் ஒவ்வொரு வருடமும் சரியான நாளில் நடுங்கியது. எல்லாரும் அதைக் கடமானின் ஞானம் என்றே நினைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்ததுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோடையில் கடமான் காலமானது. அதற்கு அடுத்த பெரியவர் யார் என்று பார்த்தார்கள். குதிரப்பனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

கார்த்திகை முடிந்தது. ஒரு நாள் காலை குதிரப்பன் ஓடையில் இறங்கி நின்றது. வெயில் பாறையில் விழுந்தது. பன்றியின் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

"இன்னும் வரல. போய் வேலையைப் பாருங்க" என்றது குதிரப்பன்.

"அதானே, இன்னும் வரல" என்றது மலையணில். மலையணிலுக்கு எப்போதும் கடைசியாகப் பேசியவர் சொல்வதுதான் சரி.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். எட்டாம் நாள் புல்வெளியில் உப்பைத் தூவியது போல உறைபனி விழுந்திருந்தது. முயல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன. சருகுமான்களின் கால்கள் வெடவெடவென்று ஆடின. குதிரப்பன் ஓடையில் சுகமாக நின்று, நடுவில் ஒரு கொட்டாவியும் விட்டது.

தேவாங்கு பகலில் தூங்கும் பிராணி. ஆனால் ஈர்க்கிக்குத் தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. குட்டியின் பிடி தளர ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் கிளைவிட்டுக் கிளை மாறினாலும் விடாத பிடி. இப்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளாவிட்டால் குட்டி நழுவியது. விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. பால் குடிக்கவும் வாய் திறக்கவில்லை. இன்னும் நான்கைந்து நாள் இப்படியே போனால் பிள்ளை தன்னிடம் இருக்காது என்று ஈர்க்கிக்குத் தெரிந்துவிட்டது.

அது மரத்தை விட்டு இறங்கி குதிரப்பனிடம் போனது. குட்டியைக் காட்டி நிலைமையைச் சொன்னது. நாளைக்கே புறப்பட்டால்தான் உண்டு என்றது.

குதிரப்பன் பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "நானும் இதே காத்துலதானேம்மா இருக்கேன்? ஓடைத் தண்ணியில வேற நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நீ எந்நேரமும் குளிருது குளிருதுன்னு நினைச்சிக்கிட்டே இருக்க, அதான் குளிருது. நாலு கிழங்கு கூடத் தின்னு, கொஞ்சம் ஓடியாடு. எல்லாம் சரியாப் போயிடும்" என்றது.

"கொஞ்சம் ஓடியாடினா சரியாப் போயிடும்" என்றது மலையணில்.

ஈர்க்கிக்குக் கோபம் வந்தது. அடுத்தவர் வலியை நினைப்பு என்று சொல்பவரிடம் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கோபப்பட்டால் புல்வெளியைக் கூட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. அதனால் அது வாயை மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தது. மத்தியானம் வரை யோசித்தது.

பிறகு மலையணிலைக் கூப்பிட்டது. கரைப் பாறையில் வெயிலில் கிடந்த கூழாங்கற்களில் ஒரே அளவுள்ள இரண்டை எடுத்துக்கொண்டது. இரண்டும் நல்ல சூடாக இருந்தன. ஒரு கல்லைச் சுற்றி உலர்ந்த பாசியும் புல்லும் இலையுமாகக் கனமாகப் பொதியச் சொன்னது. கூடு கட்டிப் பழகிய மலையணிலுக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை. இன்னொரு கல்லை வெறுமனே விட்டது. இரண்டையும் கொண்டுபோய், வெயிலே விழாத, காற்று விசுவிசுவென்று அடிக்கும் ஒரு மர நிழலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.

குதிரப்பன் வயிறு முட்டக் கிழங்கு தோண்டித் தின்றுவிட்டு வந்தது. ஈர்க்கி அதை அந்த நிழலுக்கு அழைத்துப் போனது.

"அண்ணே, இந்த ரெண்டு கல்லும் ஒரே பாறையில காய்ஞ்சது. ஒரே நேரத்துல இங்க வச்சேன். கொஞ்சம் மூக்கை வச்சுப் பாருங்க."

குதிரப்பன் வெறும் கல்லில் மூக்கை வைத்தது. கல் பனிக்கட்டி மாதிரி இருந்தது. பொதிந்த கல்லின் பாசியை விலக்கி மூக்கை வைத்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"பாசி சுத்தினது சூடாத்தான் இருக்கும். இது ஒரு அதிசயமா?" என்றது குதிரப்பன்.

"இந்தச் சூடான கல்லுக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்? இங்க குளிரே இல்லைன்னு சொல்லும். பொய்யா சொல்லுது? அதுக்கு நிஜமாவே குளிரல. ஆனா பக்கத்துக் கல்லு விறைச்சுக் கிடக்கே, அது நினைப்பாலயா விறைச்சுது?"

குதிரப்பன் வெறும் கல்லில் மறுபடி மூக்கை வைத்தது.

"உங்க தோலுக்கடியில கடவுள் ரெண்டு விரல் கனத்துக்குப் பாசி சுத்தி விட்டிருக்கார். நான் வெறும் கல்லு, அண்ணே. என் பிள்ளை என்னைவிடச் சின்னக் கல்லு."

பன்றி ஒரு தடவை தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குட்டியின் விரலில் மெல்ல மூக்கை வைத்துப் பார்த்தது. அதன் முகம் மாறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, தான் இத்தனை நாள் ஓடையில் நின்றது வீண் வேலை என்றும், இனிமேல் குளிர் பார்ப்பது ஈர்க்கியின் பொறுப்பு என்றும், எப்போது புறப்படச் சொன்னாலும் தான் தயார் என்றும் எல்லாரும் கேட்கச் சொன்னது. தப்பை ஒப்புக்கொள்ளப் பெரிய உடம்புக்காரர்களுக்குக் கூச்சம் அதிகம். குதிரப்பன் அந்தக் கூச்சத்தையும் தாண்டித்தான் சொன்னது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஈர்க்கி நம்மைப் போல இல்லாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையிலேயே குதிரப்பன் தயாராக வந்து நின்றது. வெயில் ஏறுவதற்குள் புல்வெளியைத் தாண்டிவிடலாம் என்பது அதன் எண்ணம். ஈர்க்கி அதைக் கேட்கவே இல்லை. உச்சி வெயிலில்தான் புறப்பட வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு இதமாக இருக்கும் என்றது.

குதிரப்பன் தயங்கியது. "மத்தியான வெயில் எனக்கு ஆகாதும்மா. மலை வெயிலு பார்க்கத்தான் சாது, உடம்புல சுள்ளுன்னு ஏறும். நடுவுல சேறு, தண்ணி எதுவும் கிடையாது. வெயில் சாய்ஞ்ச பிறகாவது கிளம்பலாமா?"

"வெயிலா? இதுவா வெயிலு?" என்றது ஈர்க்கி. "நானும் இதே வெயில்லதானே அண்ணே இருக்கேன்? எனக்கு இப்பத்தான் உடம்பே நிமிருது. நீங்க கனத்த உடம்பு, நடக்கச் சோம்பலா இருக்கு. நாலு எட்டு வச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

"நாலு எட்டு வச்சா சரியாப் போயிடும்" என்றது மலையணில்.

முந்தின நாள் தானே வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பேச்சைத்தான் தானும் பேசுகிறோம் என்று ஈர்க்கிக்கு உறைக்கவில்லை. குதிரப்பனுக்கு உறைத்ததோ என்னவோ, அது ஒன்றும் சொல்லவில்லை. நேற்று எல்லார் முன்னாலும் தோற்றவர் இன்று மறுத்துப் பேசினால் வீம்பு என்று சொல்லிவிட மாட்டார்களா?

சூரியன் தலைக்கு மேல் வந்ததும் புறப்பட்டார்கள். குதிரப்பன் முன்னால் நடந்தது. தேவாங்குக்கு வேகமாக நடக்க வராது என்பதால் குட்டியோடு அது பன்றியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பின்னால் முயல்கள், சருகுமான்கள், முள்ளம்பன்றிகள். மலையணில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் பளீரென்று அடித்தது. ஈர்க்கிக்கு நெடுநாளைக்குப் பிறகு சொர்க்கமாக இருந்தது. மேலே வெயில், கீழே குதிரப்பனின் முதுகு கதகதவென்றிருந்தது. குட்டி ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தது. ஈர்க்கி தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டது.

பாதி வழி வந்ததும் குதிரப்பனின் நடை மெதுவானது. ஈர்க்கி அதைக் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பன்றி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வாயோரத்தில் நுரை கட்டியது. பிறகு முன்னங்கால்கள் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நமக்கெல்லாம் உடம்பு சூடானால் வியர்வை கொட்டி ஆற்றிவிடும். பன்றிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சேற்றிலும் தண்ணீரிலும் புரண்டுதான் அது தன் சூட்டை ஆற்ற வேண்டும். புல்வெளியில் சேற்றுக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்து ஒரு மேட்டின்மேல் நான்கு செந்நாய்கள் தெரிந்தன. அவை ஓடி வரவில்லை. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அவற்றுக்கு அவசரம் என்ன? பன்றி முழுதாகச் சாய்ந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். முயல்கள் அழ ஆரம்பித்தன.

ஈர்க்கி முதுகிலிருந்து இறங்கி குதிரப்பனின் முகத்துக்கு நேரே வந்தது. அப்போதுதான் அதன் கண்களைப் பார்த்தது. அவை சிவந்து, செருகிக்கொண்டிருந்தன.

"அண்ணே, எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"பாதி வழி வந்ததுல இருந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனேம்மா. நீதான் இதுவா வெயிலுன்னு கேட்டே."

ஈர்க்கிக்குப் புரிந்துவிட்டது. முதுகில் உட்கார்ந்து இதமாக இருக்கிறது என்று தான் அனுபவித்து வந்தது வெறும் கதகதப்பில்லை, இந்தப் பன்றியின் வேதனை. குளிரை உள்ளே விடாத அதே பாசி சூட்டை வெளியே விடாது. கல்லை வைத்து ஊருக்கே பாடம் சொன்னவளுக்கு அந்தக் கல்லின் மறுபக்கம் தெரியாமல் போயிற்றே என்று அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னோடதுதான். எனக்கு இதமா இருந்தா எல்லாருக்கும் இதமா இருக்கும்னு நினைச்சிட்டேன்" என்று எல்லாரும் கேட்கவே சொன்னது. பிறகு பக்கத்தில் எங்காவது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டது.

சருகுமான்களில் ஒன்று தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது. பயந்து பயந்து ஒளிவதிலேயே வாழ்நாளைக் கழித்த பிராணி அது. ஒளிய எங்கெங்கே இடம் உண்டு என்று அதற்கு அத்துப்படி. வலது பக்கம் இறங்கினால் ஒரு மடிப்புப் பள்ளம், அதில் ஊற்றும் சேறும் உண்டு, கூப்பிடு தூரம்தான் என்றது. "ஆனா அங்க வெயிலே விழாது. ஐஸ் மாதிரி இருக்கும்" என்றும் சொன்னது.

ஈர்க்கி குட்டியைப் பார்த்தது. இப்போதுதான் கண் திறந்த பிள்ளை. மறுபடியும் அந்தக் குளிருக்குள் கொண்டுபோனால் என்ன ஆகுமோ. பிள்ளையோடு வெயிலிலேயே நின்றுவிடலாம் என்றால் மேட்டில் நான்கு செந்நாய்கள். பன்றியை இப்படியே விட்டால் அது பிழைக்காது. அது பிழைக்காவிட்டால் யாருமே பிழைக்க மாட்டார்கள். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் ஈர்க்கி அந்தக் கணக்கையெல்லாம் போடவில்லை. அதன் கண் குதிரப்பனின் நுரை தள்ளிய வாயிலேயே இருந்தது.

"எந்திரிங்க அண்ணே. பள்ளத்துக்குப் போகலாம்" என்றது.

முள்ளம்பன்றிகள் முள்ளைச் சிலுப்பிக்கொண்டு பின்பக்கம் காவலுக்கு நின்றன. குதிரப்பன் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, எப்படியோ பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. சேற்றில் பொத்தென்று சாய்ந்தது. நெடுநேரம் அதன் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஈர்க்கி கரையில் குட்டியைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது. பள்ளத்துக் காற்று எலும்புக்குள் இறங்கியது. அது பல்லைக் கடித்துக்கொண்டு, குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

வெயில் சாய ஆரம்பித்தது. செந்நாய்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தன. முதல் நாய் பள்ளத்தின் விளிம்பில் தலையை நீட்டியதும் சேற்றுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. குதிரப்பன் எழுந்து நின்றது. மூச்சு சீராகியிருந்தது; கண் தெளிந்திருந்தது. கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு விளிம்பை நோக்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. செத்துப்போகும் என்று காத்திருந்த பன்றி எழுந்து வந்து பாய்ந்தால் எந்த நாய்தான் நிற்கும்? நான்கும் வந்த வழியே ஓடிப்போயின.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். குதிரப்பன் திரும்பி வந்து ஈர்க்கியின் முன்னால் நின்றது. ஈர்க்கியின் உதடு நீலம் பூத்திருந்தது. குட்டி அசையாமல் கிடந்தது.

"பிள்ளையை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா" என்றது பன்றி.

ஈர்க்கி பார்த்தது. குதிரப்பனின் இடப்பக்கம் முழுக்கச் சேறு வழிந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்தில் ஒரு துளி சேறு இல்லை. மயிரெல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"இந்தப் பக்கம் ஏன் அண்ணே புரளல?"

"புரண்டா சீக்கிரம் ஆறியிருக்கும்தான்" என்றது குதிரப்பன். "ஆனா நீ கரையில உக்காந்து நடுங்கிறதைப் படுத்த இடத்துல இருந்தே பார்த்தேன். ஈரத்துல எப்படிப் பிள்ளையை வச்சுக்குவ? அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் உனக்குன்னு விட்டுட்டேன்."

ஈர்க்கிக்கு அழுகை வந்துவிட்டது. குதிரப்பன் காய்ந்த பக்கத்தை மேலே வைத்துப் படுத்து, முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. காலுக்கும் மார்புக்கும் நடுவே கொழுப்பு குறைவு. உள்ளிருக்கும் சூடு அங்கேதான் நன்றாகத் தெரியும். ஈர்க்கி குட்டியை அந்த இடுக்கில் வைத்து, தானும் ஒண்டிக்கொண்டது. பன்றி காலை மெதுவாக இறக்கி மூடிக்கொண்டது. முயல்களும் காற்று வராத பக்கமாக அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. குட்டி பால் குடிக்கும் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் குதிரப்பன் கண்ணை மூடி இளைப்பாறியது.

வெயில் பன்றியைச் சுடாமலும், காற்று தேவாங்கைக் கடிக்காமலும் இருக்கும் ஒரு நேரம் சாயங்காலத்தில் உண்டு. அது அதிக நேரம் நீடிக்காது. ஆனால் புல்வெளியின் மிச்சத்தைக் கடக்க அது போதுமாக இருந்தது. இருட்டுவதற்கு முன்பே எல்லாரும் நாணல் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

மறுநாள் காலை மலையணில் நாணலுக்குள் துள்ளிக்கொண்டு வந்தது. பாவம், அதற்கு ஒரு சிக்கல். யாராவது முதலில் சொன்னால்தானே அது ஒத்து ஊத முடியும்?

"இன்னைக்குக் குளிரா இருக்கா, வெயிலா இருக்கா? யாராவது சொல்லுங்க" என்றது.

குதிரப்பன் வாயைத் திறந்தது. ஈர்க்கியும் வாயைத் திறந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டன.

பிறகு இரண்டும் மலையணிலை விட்டுவிட்டு ஒன்றையொன்று ஒரே நேரத்தில் கேட்டன:

"உனக்கு எப்படி இருக்கும்மா?"

"உங்களுக்கு எப்படி இருக்கு அண்ணே?"

நீதி: அடுத்தவர் படும் பாட்டை உன் உடம்பை வைத்து அளக்காதே, அவரையே கேள், அவர் சொல்வதை நம்பு.